ஈஸ்ட் பிராட் டாப்: 33 மைல் நிலக்கரிப் பாதையை மூட வைத்தது கேஜா, கரியா?

நீராவிநேசன்

அமெரிக்காவின் பெரிய ரயில்வேக்களைப் பற்றி இங்கே நிறையப் பேசிவிட்டோம். அவற்றுக்குச் சரக்கு கொண்டுவந்து கொடுத்த குட்டிப் பாதைகளைப் பற்றி ஒரு இழைகூட இல்லை. அங்கே 'ஷார்ட் லைன்' என்பார்கள். ஒரு சுரங்கமோ, மரவாடியோ, ஆலையோ இருக்கும். அங்கிருந்து பெரிய ரயில்வேயின் ஜங்ஷன் வரை ஒரு பாதை. அவ்வளவுதான் மொத்த ரயில்வேயும். அப்படி ஒன்றை எடுத்துக்கொண்டு இந்த இழையைத் தொடங்குகிறேன்.

பென்சில்வேனியா மாநிலத்தின் தென்மத்தியில் பிராட் டாப் என்று ஒரு மலை. அதன் உச்சியிலும் சரிவிலும் நல்ல நிலக்கரி. மலையின் கிழக்குப் பக்கத்துக் கரியை வெளியே கொண்டுவர 1856இல் உரிமம் வாங்கிய நிறுவனம்தான் ஈஸ்ட் பிராட் டாப் ரயில்ரோடு. உரிமம் கையில் இருந்தும் 16 வருடம் ஒன்றும் நடக்கவில்லை. 1872இல்தான் வேலை தொடங்கியது. மறு வருடமே பென்சில்வேனியா ரயில்ரோடு என்ற பெரிய ரயில்வேயைச் சந்திக்கும் மவுன்ட் யூனியனிலிருந்து ஆர்பிசோனியா வரை வண்டி ஓடியது. 1874இல் சுரங்க ஊரான ராபர்ட்ஸ்டேலைத் தொட்டுவிட்டார்கள். 1873இல் அமெரிக்காவே பெரிய நிதி நெருக்கடியில் சிக்கி, கட்டிக்கொண்டிருந்த பாதைகள் பலவும் பாதியில் நின்ற நேரம் அது. அந்த நேரத்தில் இரண்டு மலைகளைக் குடைந்து, சைட்லிங் ஹில், ரேய்ஸ் ஹில் என்று இரண்டு சுரங்கவழிகள் போட்டு முடித்தார்கள் என்பதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

கேஜ், அதாவது இரண்டு தண்டவாளங்களுக்கு இடையிலான அகலம், 3 அடி (914 மில்லிமீட்டர்). நம் மீட்டர் கேஜைவிடக் கொஞ்சம் குறுகல். மலையில் வளைவுகளை இறுக்கமாகப் போடலாம், வெட்டும் மண்ணும் குறைவு, செலவும் குறைவு. 1870களில் அமெரிக்கா முழுக்க இந்த நேரோ கேஜ் ஆசை பரவியிருந்தது. அப்படிப் போட்ட பாதைகளில் பெரும்பாலானவை சில பத்து வருடங்களில் மூடப்பட்டன, அல்லது பெரிய ரயில்வேக்களின் வழக்கமான அகலமான ஸ்டாண்டர்ட் கேஜுக்கு மாறின. இது மட்டும் அதே 3 அடியில் 1956 ஏப்ரல் வரை சரக்கு ஏற்றியது. எப்படித் தாக்குப்பிடித்தது, பிறகு ஏன் நின்றது? இதைத்தான் பேச வேண்டும் என்று நினைக்கிறேன்.

போத்தனூர்_ஜங்ஷன்

நல்ல இழை அண்ணா. ஆனால் கேள்வியிலேயே பதில் இருக்கிறதே. நேரோ கேஜில் வந்த கரியை ஸ்டாண்டர்ட் கேஜ் வேகனுக்கு மாற்றித்தானே ஆக வேண்டும்? நம் ஊரில் மீட்டர் கேஜும் பிராட் கேஜும் சந்தித்த இடங்களில் சரக்கை இறக்கி ஏற்றியதைப் பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய நஷ்டம் என்று தெரியும். ஆள் கூலி, சேதாரம், வேகன் காத்துக்கிடக்கும் நேரம். அந்தத் தலைவலிக்காகத்தானே 1992இல் ஒரே கேஜ் திட்டம் வந்தது. 33 மைல் மட்டும் ஓடும் ஒரு ரயில்வே, கடைசியில் இந்தச் செலவையும் சுமந்தால் எப்படிப் பிழைக்கும்? என் ஓட்டு கேஜுக்குத்தான்.

நீராவிநேசன்

இந்தப் பதில் வரும் என்று தெரியும். பொதுவாக நீங்கள் சொல்வது சரி. ஆனால் மவுன்ட் யூனியன் யார்டில் என்ன நடந்தது என்று பார்த்தால் கதை வேறு மாதிரி போகிறது.

முதலாவது, கரி. சுரங்கத்திலிருந்து வருகிற கரியை அப்படியே யாரும் வாங்க மாட்டார்கள். கல், மண், களிமண் எல்லாம் சேர்ந்து வரும். கழுவ வேண்டும், அளவுவாரியாகச் சலிக்க வேண்டும். 1920களில் மவுன்ட் யூனியனில் ஒரு பெரிய கரி சுத்திகரிப்பு ஆலை கட்டினார்கள். நேரோ கேஜ் ஹாப்பர் வேகன், அதாவது அடிப்பக்கம் திறந்து கொட்டும் வேகன், ஒரு பக்கம் வந்து கரியைக் கொட்டும். கழுவிச் சலித்த கரி இன்னொரு பக்கம் நிற்கிற ஸ்டாண்டர்ட் கேஜ் ஹாப்பரில் விழும். அது அப்படியே பென்சில்வேனியா ரயில்ரோடு மெயின் லைனுக்குப் போய்விடும். ஆக, எந்தக் கேஜாக இருந்தாலும் எப்படியும் ஒரு தடவை கொட்டி அள்ளித்தான் ஆக வேண்டிய சரக்கு. கேஜ் மாற்றம் அந்த வேலைக்குள்ளேயே கரைந்துவிட்டது.

இரண்டாவது, மற்ற சரக்குகள். இதைச் சொல்லத்தான் கை பரபரக்கிறது. அதே யார்டில் மரக்கட்டைகளை வேகன் மாற்றுவதற்காக ஒரு கிரேன் வைத்திருந்தார்கள். 1930களில் அதை வேறு வேலைக்குப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். ஸ்டாண்டர்ட் கேஜ் வேகனை அதன் அடியில் கொண்டுவந்து நிறுத்தி, ஒரு முனையைத் தூக்குவார்கள். அடியிலிருக்கும் போகியை, அதாவது சக்கரத் தொகுதியை, உருட்டி வெளியே எடுத்துவிட்டு, நேரோ கேஜ் போகியை உள்ளே தள்ளி, இறக்குவார்கள். அடுத்து மறுமுனை. சரி, இப்போது வேகன்களைக் கோக்கும் கப்ளிங்கின் உயரம் பொருந்தாதே? நேரோ கேஜ் கப்ளிங் சின்னது, தாழ்வானது. அதற்கென்று ஒரு இணைப்புத் துண்டு. சரக்கைத் தொடாமலேயே முழு வேகனும் மலை ஏறத் தயார்! 3 அடிப் பாதையில் அந்தப் பெரிய பெட்டி போகும் பழைய புகைப்படங்களைப் பார்த்தால், கவிழாமல் எப்படிப் போனது என்று வியப்பாக இருக்கும்.

யார்டு முழுக்க மூன்று தண்டவாளங்கள். இரண்டு கேஜ் வேகன்களும் ஒரே பாதையில் நிற்கும். அங்கே ஷண்டிங் பார்க்க ஈஸ்ட் பிராட் டாப் தனக்கென்று இரண்டு ஸ்டாண்டர்ட் கேஜ் எஞ்சின்களும் வைத்திருந்தது.

கணக்கர்

போத்தனூர் நண்பருக்கு இன்னொரு தகவல். பிராட் டாப் மலைக்கு மேற்குப் பக்கமும் உண்டு. அந்தப் பக்கத்துக் கரியை இறக்கியது ஹன்டிங்டன் அண்ட் பிராட் டாப் மவுன்டன் ரயில்ரோடு. அது 1850களிலேயே ஓடத் தொடங்கிவிட்டது. கேஜ் என்ன தெரியுமா? ஸ்டாண்டர்ட். கரி ஏற்றிய வேகன் நேரே பென்சில்வேனியா ரயில்ரோடுக்குள் போய்விடும்.

அது எப்போது மூடியது? 1954. நேரோ கேஜ்காரனுக்கு இரண்டு வருடம் முன்னால்!

மலை ஒன்று, கரி ஒன்று, வாங்கிக்கொள்ளும் பெரிய ரயில்வேயும் ஒன்று. கேஜ் மட்டும் வேறு. குறுகிய கேஜ்தான் கொன்றது என்றால் அகலமானது பிழைத்திருக்க வேண்டுமே. இரண்டும் ஒரே நோயில்தான் போயின. வீடுகளில் கரி அடுப்புக்குப் பதிலாக எண்ணெயும் எரிவாயுவும் வந்தன. ஆலைகளும் அந்தப் பக்கம் திரும்பின. நிலக்கரி வாங்கிய ரயில்வேக்களே டீசல் எஞ்சினுக்கு மாறிவிட்டன. கரிக்கு ஆள் இல்லை என்றால் கரிப் பாதைக்கு என்ன வேலை?

போத்தனூர்_ஜங்ஷன்

மேற்குப் பக்கத்து உதாரணம் வலுவானதுதான், மறுக்கவில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஹன்டிங்டன் பாதை திவாலான பிறகும் அதன் ஒரு துண்டை எவரெட் ரயில்ரோடு என்ற பெயரில் எடுத்து 1982 வரை சரக்கு ஓட்டினார்கள். அந்தப் பெயரில் இன்றும் ஹாலிடேஸ்பர்க் பக்கம் வேறு பாதைகளில் வண்டி ஓடுகிறது. ஸ்டாண்டர்ட் கேஜாக இருந்ததால்தான் அந்தத் துண்டுக்கு மறுவாழ்வு கிடைத்தது. ஈஸ்ட் பிராட் டாப்பின் ஒரு ஐந்து மைலை யாராவது எடுத்து ஒரு ஆலைக்குச் சரக்கு ஓட்டியிருக்க முடியுமா? முடியாது. கேஜ் கொல்லவில்லை என்றே வைத்துக்கொள்வோம். படுத்தவனை எழுந்திருக்க விடாமல் செய்தது அதுதான்.

நீராவிநேசன்

இதை ஏற்றுக்கொள்கிறேன். நல்ல வேறுபாடு.

ஆனால் என் மனதில் இருக்கும் காரணம் இன்னும் கொஞ்சம் ஆழத்தில் இருக்கிறது. இந்த ரயில்வேக்கும் சுரங்கத்துக்கும் முதலாளி ஒருவரே. ராக்ஹில் அயர்ன் அண்ட் கோல் கம்பெனியும் ரயில்பாதையும் இரட்டைப் பிள்ளைகள். முதலில் இரும்பும் உருக்கினார்கள், ராக்ஹில் ஃபர்னஸ் என்ற ஊர்ப் பெயர் அந்த உலையிலிருந்து வந்ததுதான். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இரும்பு நின்றுவிட்டது. அதோடு கதை முடிந்திருக்க வேண்டியது, முடியவில்லை. கரி மீதும், மவுன்ட் யூனியனின் செங்கல் ஆலைகள் மீதும் சாய்ந்துகொண்டார்கள்.

அந்தச் செங்கல் ஆலைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வீடு கட்டும் செங்கல் இல்லை. எஃகு உலைகளின் உட்சுவருக்குப் போகும் தீச்செங்கல். கானிஸ்டர் என்ற வெண்மையான கடினப் பாறையை உடைத்து அரைத்துச் செய்வார்கள். ஹார்பிசன்-வாக்கர் உட்பட மூன்று நிறுவனங்கள் மவுன்ட் யூனியனில் ஆலை வைத்திருந்தன. பாறையும் ஈஸ்ட் பிராட் டாப் வழியாக வந்தது, சூளைக்கான கரியும் அதே வழியாக வந்தது. கடைசியில் அந்தச் சூளைகளும் கரியை விட்டு வேறு எரிபொருளுக்கு மாறியபோது ரயில்வேக்கு ஒரே நேரத்தில் இரண்டு கையும் போனது.

முதலாளி ஒருவரே என்பதில் நல்லதும் இருந்தது. 1930களின் பெருமந்தத்தில் தனி ரயில்வேயாக இருந்திருந்தால் கடன்காரர்கள் பிடுங்கிப் போட்டிருப்பார்கள். சுரங்கம் ஓட ரயில் வேண்டும் என்பதால் எப்படியோ ஓட்டினார்கள். ஆனால் சுரங்கத்துக்கு வெளியே சரக்குத் தேட வேண்டும் என்ற பசி அந்த நிர்வாகத்துக்கு ஒருநாளும் பெரிதாக வரவில்லை. 1956 மார்ச்சில் சுரங்கம் மூடப்பட்டது, ஏப்ரலில் ரயில் நின்றது.

கணக்கர்

ஒரே வாடிக்கையாளரை நம்புவது ஷார்ட் லைன்களின் பொது ஆபத்து. அதிலிருந்து வெளியே வந்த ஒருவரைச் சொல்கிறேன், ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஜெனிசீ அண்ட் வயோமிங். பெயரைப் பார்த்து மேற்கே இருக்கும் வயோமிங் மாநிலம் என்று நினைக்க வேண்டாம், இது நியூயார்க் மாநிலத்தில். 1899இல் ரெட்சாஃப் என்ற இடத்து உப்புச் சுரங்கத்துக்காக ஃபுல்லர் குடும்பம் எடுத்த 14 மைல் பாதை. பல பத்து வருடங்களுக்கு உப்பு, உப்பு, உப்பு மட்டும்தான். 1977இல் அந்தக் குடும்பத்தின் அடுத்த தலைமுறையைச் சேர்ந்த மார்ட்டிமர் ஃபுல்லர் நிர்வாகத்தைக் கையில் எடுத்தார். 1980இல் ஸ்டேகர்ஸ் சட்டம் வந்தது. பெரிய ரயில்வேக்கள் தங்களுக்குக் கட்டுப்படியாகாத கிளைப்பாதைகளைச் சுலபமாக விற்க வழி பிறந்தது. இவர்கள் ஒவ்வொன்றாக வாங்கினார்கள். 1994 மார்ச்சில் ரெட்சாஃப் சுரங்கத்தின் கூரை இடிந்து, நிலத்தடி நீர் உள்ளே புகுந்து, அமெரிக்காவின் மிகப் பெரிய உப்புச் சுரங்கமே மூழ்கிப்போனது. 1956இல் இருந்த ஒரு ரயில்வேக்கு இது நடந்திருந்தால் அன்றோடு சரி. ஜெனிசீ அண்ட் வயோமிங்குக்கு அதற்குள் வேறு ஊர்களில் வேறு பாதைகள் இருந்தன. 2019இல் அந்த நிறுவனம் சுமார் 840 கோடி டாலருக்குக் கைமாறியது. அப்போது அதன் கையில் நூற்றுக்கும் மேற்பட்ட ரயில்வேக்கள்.

இன்று அமெரிக்காவில் சுமார் 600 ஷார்ட் லைன்கள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பகுதி 1980க்குப் பிறகு பிறந்தவை. ஈஸ்ட் பிராட் டாப் 24 வருடம் முன்னால் மூடிவிட்டது.

கல்லணை

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். 1980 வரை தாக்குப்பிடித்திருந்தால் பிழைத்திருக்கும் என்கிறீர்களா?

கணக்கர்

இல்லை. சட்டம் பாதையை வாங்க விற்கத்தான் உதவும், சரக்கை உருவாக்கித் தராது. ராபர்ட்ஸ்டேலில் ஏற்ற வேறு என்ன இருந்தது? ஊரே சுரங்கத்துக்காகக் கட்டியது.

பிட்ஸ்பர்க்வாசி

நான் அங்கே போயிருக்கிறேன். பென்சில்வேனியா டர்ன்பைக்கில் ஃபோர்ட் லிட்டில்டன் வெளிவழியில் இறங்கி, 522ஆம் எண் சாலையில் வடக்கே போனால் ஆர்பிசோனியாவும் ராக்ஹில்லும் ஒட்டி ஒட்டி வரும். எஞ்சினைப் பற்றி எல்லோரும் எழுதுவார்கள், நான் பட்டறையைப் பற்றி எழுதுகிறேன்.

மெஷின் ஷாப்புக்குள் நுழைந்ததும் முதலில் தலையைத் தூக்கிப் பாருங்கள். கூரைக்கடியில் நீளமாக ஒரு இரும்புத் தண்டு ஓடுகிறது. அதில் வரிசையாகச் சக்கரங்கள். ஒவ்வொரு சக்கரத்திலிருந்தும் ஒரு பெல்ட் கீழே இறங்கி ஒரு மெஷினைச் சுற்றி மேலே போகிறது. லேத்துக்கு ஒன்று, துளைபோடும் மெஷினுக்கு ஒன்று. தனித்தனி மோட்டார் கிடையாது. ஒரே ஒரு நீராவி எஞ்சின் அந்தத் தண்டைச் சுற்றினால் பட்டறை முழுக்கச் சுழலும். ஒரு லேத்தை நிறுத்த வேண்டும் என்றால் பெல்ட்டைப் பக்கத்தில் சும்மா சுற்றும் சக்கரத்துக்கு ஒரு நெம்பால் தள்ளிவிட வேண்டும், மற்ற மெஷின்கள் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். கொல்லுப்பட்டறையும் வார்ப்படச் சாலையும் கூடவே இருக்கின்றன. எட்டு எஞ்சின் நிற்கும் வட்ட ஷெட்டும் எஞ்சினைத் திருப்பும் டர்ன்டேபிளும் எதிரே.

33 மைல் ரயில்வேக்கு இவ்வளவு பெரிய பட்டறை எதற்கு என்று அங்கே நின்றபோது தோன்றியது. சுற்றிப் பார்த்த பிறகு புரிந்தது. தங்கள் நிலக்கரி வேகன்களைத் தாங்களே கட்டினார்கள். 1913இலிருந்தே முழு எஃகு ஹாப்பர்களுக்கு மாறத் தொடங்கிவிட்டார்கள். நேரோ கேஜில் பலரும் மரவேகனை வைத்துக்கொண்டு தடுமாறிய காலம் அது. 1927இல் பிரில் கம்பெனியிடம் பாகங்கள் வாங்கி, பெட்ரோல் எஞ்சினால் மின்சாரம் எடுத்து ஓடும் ஒரு ரயில் காரையும் இங்கேயே கட்டினார்கள். எம்-1 என்று பெயர். அது இன்னும் இருக்கிறது.

கல்லணை

எனக்குப் புரியாதது இதுதான். 1956இல் மூடிய ஒரு பாதையில் இவ்வளவும் எப்படி மிஞ்சியது? மற்ற இடங்களில் தண்டவாளத்தைக்கூடப் பிடுங்கி விற்றுவிடுவார்களே.

நீராவிநேசன்

இந்த ரயில்வேயின் கதையில் எனக்கு மிகவும் பிடித்த திருப்பம் இதுதான். 1956இல் இதை வாங்கியது ஒரு பழைய இரும்பு நிறுவனம். பென்சில்வேனியாவின் இண்டியானா ஊரைச் சேர்ந்த கோவால்சிக் சால்வேஜ் கம்பெனி. அந்தக் காலத்தில் மூடிய ரயில்வேயைப் பழைய இரும்புக்காரர் வாங்கினால் அடுத்த மாதம் எரிவாயு வெட்டுக்கருவியோடு ஆட்கள் வந்து நிற்பார்கள். நிக் கோவால்சிக் வெட்டவில்லை. பாதை, எஞ்சின், வேகன், பட்டறை எல்லாவற்றையும் இருந்தபடியே விட்டுவிட்டார். 1960இல் ஆர்பிசோனியாவின் 200ஆம் ஆண்டு விழா வந்தது. ஊர்க்காரர்கள் கேட்டபோது எஞ்சின்களைச் சரிசெய்து, சில மைல் பாதையைச் செப்பனிட்டு, ஆகஸ்டில் வண்டி ஓட்டிவிட்டார். அந்த ஓட்டம் 2011 வரை நின்றபாடில்லை. 1964இல் தேசிய வரலாற்றுச் சின்னமாகவும் அறிவித்தார்கள்.

பால்ட்வின் கம்பெனி 1911க்கும் 1920க்கும் இடையே இந்தப் பாதைக்காகச் செய்து கொடுத்த மிக்காடோ வகை நீராவி எஞ்சின்கள் ஆறு. அவற்றின் எண்கள்: 12, 14, 15, 16, 17, 18. ஆறும் இன்றும் அதே ராக்ஹில்லில் இருக்கின்றன. ஒன்றுகூட வெட்டுப்படவில்லை, ஒன்றுகூட வேறு ஊருக்குப் போகவில்லை. அமெரிக்க நேரோ கேஜில் இப்படி ஒரு குடும்பம் முழுசாகச் சொந்த வீட்டிலேயே இருப்பதை வேறெங்கும் நான் கண்டதில்லை.

போத்தனூர்_ஜங்ஷன்

ரயில்வேயோடு நிலக்கரி நிறுவனத்தின் சொத்துகளும் சேர்ந்துதானே அவர் கைக்கு வந்தன? மலைக்குள் கரி இன்னும் இருந்தது. விலை ஏறினால் பாதை திரும்பத் தேவைப்படும் என்று வியாபாரியாகக் கணக்குப் போட்டிருக்கலாமே. வெறும் பாசம் என்று எழுதினால் மனிதரைப் பாதிதான் புரிந்துகொண்டதாகும்.

நீராவிநேசன்

இருக்கலாம் நண்பரே. ஆனால் கணக்கு மட்டும் என்றால் நான்கைந்து வருடம் பொறுத்துப் பார்த்துவிட்டு விற்றிருப்பார். இரண்டு தலைமுறை, 60 வருடத்துக்கு மேல் அந்தக் குடும்பம் வைத்திருந்தது. லாபக் கணக்கில் இது அடங்காது.

கேஜ் பற்றிய உங்கள் வாதத்துக்கும் இங்கே ஒரு பதில் இருக்கிறது. ஸ்டாண்டர்ட் கேஜாக இருந்திருந்தால் அந்த எஞ்சின்களும் வேகன்களும் வேறு எங்காவது விலைபோயிருக்கும், பாதையும் எவரெட் மாதிரி துண்டு துண்டாகப் போயிருக்கும். 3 அடி வேகனை மவுன்ட் யூனியனைத் தாண்டி எங்கே கொண்டுபோய் ஓட்டுவது? இரண்டாவது சொந்தக்காரருக்குப் பயன்படாது என்று நீங்கள் சொன்ன அதே குணம்தான் மொத்தத்தையும் ஒரே இடத்தில் கட்டிப்போட்டது.

பிட்ஸ்பர்க்வாசி

2011க்குப் பிறகு எட்டு வருடம் பூட்டிக் கிடந்தது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் ஷெட் கூரையைப் பார்த்து வயிறு கலங்கும். 2020 பிப்ரவரியில் ஒரு அறக்கட்டளை வாங்கியது. நார்ஃபோக் சதர்ன் ரயில்வேயையும் பிறகு பயணிகள் ரயில் நிறுவனமான ஆம்ட்ராக்கையும் நடத்திய விக் மூர்மன் போன்றவர்கள் அதற்குப் பின்னால் நின்றார்கள். 2023 தொடக்கத்தில் 16ஆம் எண் எஞ்சினுக்கு நெருப்பு மூட்டினார்கள். 1956க்குப் பிறகு அது ஓடவே இல்லை, முதல் சுற்றுலா வண்டிக் காலத்தில்கூட அதைத் தொடவில்லை. 67 வருடம் ஷெட்டில் நின்ற எஞ்சின் தானாக நகர்ந்தது.

கல்லணை

இனி அங்கே சரக்கு ஓடுமா?

கணக்கர்

வணிகச் சரக்கு ஓடாது. கரியும் இல்லை, மவுன்ட் யூனியனில் சந்திப்பும் இல்லை.

நீராவிநேசன்

ஆனால் சரக்கு வண்டியைப் பார்க்கலாம். அந்த எஃகு ஹாப்பர்களைக் கோத்து, அந்தக் காலத்து நிலக்கரி வண்டி மாதிரியே படம் எடுப்பவர்களுக்காக ஓட்டுவது உண்டு. என்னைக் கேட்டால் பயணிகள் பெட்டியைவிட அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இந்தப் பாதை ஆளை ஏற்றுவதற்காகப் போட்டது இல்லை. சுற்றுலாப் படங்களை மட்டும் பார்த்தவர்கள் இதை ஒரு பொம்மை ரயில் என்று நினைத்துவிடுகிறார்கள், அது எனக்கு வருத்தம். 80 வருடத்துக்கு மேல் ஒரு மலையின் கரியை இறக்கிய, தன் வேகனைத் தானே கட்டிய ரயில்வே இது.

கல்லணை

போவதாக இருந்தால் எதெதைப் பார்க்க வேண்டும்?

பிட்ஸ்பர்க்வாசி

ராக்ஹில்லில் பட்டறைச் சுற்றுலாவை விடாதீர்கள், தனியாக நேரம் ஒதுக்குங்கள். எதிரிலேயே ட்ராம் அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது, அது ஓடுவது ஈஸ்ட் பிராட் டாப்பின் பழைய ஷேட் கேப் கிளைப்பாதை மேல். ராபர்ட்ஸ்டேலில் ஆர்வலர் சங்கத்தின் அருங்காட்சியகம் தனியாக உண்டு, சுரங்கத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள அங்கேதான் போக வேண்டும். அதற்குக் காரில்தான் போக முடியும். பாதையைத் தெற்கே சால்டில்லோ பக்கம் நீட்டுவது அறக்கட்டளையின் குறிக்கோள், வேலை நடக்கிறது. எல்லா மாதமும் வண்டி ஓடாது, நீராவியா டீசலா என்பதும் நாளுக்கு நாள் மாறும். கால அட்டவணையைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

போத்தனூர்_ஜங்ஷன்

அந்தப் போகி மாற்றும் கிரேனின் படம் யாரிடமாவது நல்ல தெளிவில் இருந்தால் இங்கே போடுங்கள். ஒரு முனையைத் தூக்கும்போது மறுமுனைப் போகியின் மேல் எவ்வளவு சாய்வு வருகிறது என்று பார்க்க வேண்டும்.